காரா, விமானமா? கொள்முதல் பயணத்தின் கணக்கு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு குண்டூர்ப் பயணத்தின் பக்கம் திரும்பியது. வத்தல் வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர், "இந்தக் காலத்திலே யார் அண்ணாச்சி கார் எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் போவாங்க? காலையிலே மதுரையிலே ஏறினா சாயங்காலம் குண்டூர்லே இருக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்த பருப்புக் கடைக்காரர் விடவில்லை. "வாசல்லே சொந்தக் கார் நிக்குது. மாசா மாசம் தவணை கட்டுறோம். அதை நிறுத்திப் போட்டுட்டு விமானக் கம்பெனிக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்றார். இரண்டு பேரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். "ரெண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அது சரியான பதிலாகப் படவில்லை. விருதுநகரில் வத்தலும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் லாரியின் முன்சீட்டிலும், ரயிலிலும், காரிலும், விமானத்திலும் கொள்முதலுக்குப் போய் வந்தவர்கள். காரால் அடிபட்டிருக்கிறோம். விமானத்தால் நஷ்டப்பட்டிருக்கிறோம். அனுபவப்பட்டவர்கள் 'இரண்டும் சரிதான்' என்று நழுவிக்கொண்டால் இளைய வியாபாரிகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? ஆகவே தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறோம்.

முதலில் ரூபாய்க் கணக்கு

விருதுநகரிலிருந்து மதுரை, திருச்சி, சென்னை, நெல்லூர், ஓங்கோல் வழியாகக் குண்டூர் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். போக வர 1,800. அங்கே யார்டு, குளிர்பதனக் கிடங்கு என்று சுற்றுவதற்கு 100 கிலோமீட்டர் சேர்த்தால் 1,900. டீசல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 127 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 11,700 ரூபாய் ஆகிறது. நம்மில் பலர் இதோடு சுங்கத்தைக் கூட்டி, பதினாலாயிரத்தில் பயணம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம்.

கடைச் சரக்குக்கு அடக்கவிலை போடும்போது வண்டிக் கூலி, ஏற்று கூலி, இறக்கு கூலி, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு என்று ஒன்று விடாமல் போடுகிற நாம், காருக்கு மட்டும் டீசலோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று தெரியவில்லை. டயர் தேய்கிறது. ஆயில் மாற்ற வேண்டும். வண்டியின் விலை இறங்குகிறது. இதற்கெல்லாம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 5,700 ரூபாய். சுங்கம் 2,500, டிரைவர் படி நான்கு நாளைக்கு 2,400, வழியிலும் குண்டூரிலுமாக மூன்று இரவுக்கு அறை வாடகை 4,500. ஆக மொத்தம் 26,800 ரூபாய் வருகிறது. சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறோம்.

சுங்கத்தில் ஒரு மிச்சம் உண்டு. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமானது எல்லோருக்கும் தெரியும். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு வருடாந்திர பாஸ் வந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். ஒரு சாவடியைக் கடந்தால் ஒரு முறை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான், மாநிலச் சாலைகளுக்குச் செல்லாது. மஞ்சள் போர்டு வண்டிக்கும் கிடையாது. வருடத்தில் நான்கைந்து நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதில் லாபம்தான்.

இனி விமானம். மதுரையிலிருந்து குண்டூருக்கு நேர் விமானம் கிடையாது. குண்டூரில் விமான நிலையமே இல்லை. சென்னையிலோ ஐதராபாத்திலோ மாறி, விஜயவாடாவுக்கு வெளியே கன்னவரத்தில் இறங்கி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். ஒருவழிக்கு 7,000 ரூபாய் என்று வைத்தால் போக வர 14,000. அங்கே வாடகைக் கார் 6,000, இரண்டு இரவு அறை 3,000, இங்கே மதுரை விமான நிலையத்துக்குப் போக வர 2,000. ஆக 25,000 ரூபாய்.

அதாவது ஒரே ஆள் போவதென்றால் காரும் விமானமும் ஏறக்குறைய ஒரே செலவு. இரண்டு பேர் என்றால் விமானம் 39,000 ஆகிறது, காரில் ஒன்றும் கூடாது. மூன்று பேர் என்றால் கேட்கவே வேண்டாம். விமான டிக்கெட் விலை நிலையான விலையும் அல்ல. பொங்கலுக்கு முன்னும் பின்னும், தீபாவளி வாரத்திலும் இருமடங்கானாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. வத்தல் வரத்து சூடு பிடிப்பதோ பொங்கல் கழித்துத்தான்.

வரி விஷயம் ஒன்று. டிக்கெட் போடும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால் சாதாரண வகுப்புக்கு விதிக்கும் 5 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காருக்கு இது கிடையாது. வாங்கும்போது கட்டிய வரியும், பழுது பார்க்கும்போது கட்டும் வரியும் போனது போனதுதான். டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வரவில்லை. பெரிய தொகை இல்லை என்றாலும் ஆடிட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது.

நேரத்தையும் பார்த்துவிடுவோம். காலை ஐந்து மணிக்கு விருதுநகரில் புறப்பட்டு விமானத்தில் போனால், மாறுகிற இடத்தில் காத்திருந்து, குண்டூர் அறையில் பையை வைக்கும்போது மாலை ஐந்து ஆகிவிடும். பன்னிரண்டு மணி நேரம். விமானம் பறப்பது அதில் மூன்று மணி நேரம்கூட இருக்காது. காரில் நிதானமாக ஓட்டினால் நிற்கும் நேரம் சேர்த்துப் பதினேழு, பதினெட்டு மணி நேரம். வித்தியாசம் ஐந்தாறு மணி நேரம்தான். ஆனால் அந்த ஐந்தாறு மணி நேரம் நடு இரவில் வந்து விழுகிறது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

2004இல் நடந்தது

2004 மார்ச் மாதம். நல்ல வரத்து. நாங்களும் எங்கள் அண்ணனும் குண்டூர் போயிருந்தோம். அப்போது எங்களிடம் ஒரு குவாலிஸ் வண்டி. டிரைவர் எங்களிடம் ஒன்பது வருடமாக இருந்தவர். நல்ல கை, குடிப்பழக்கம் இல்லை. போகும்போது ஒரே மூச்சில் ஓட்டி விடியற்காலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாங்கள் அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட்டு யார்டுக்குப் போனோம். அவர் வண்டியிலேயே படுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். டிரைவருக்கு அறை போடுவது என்ற பேச்சே கிடையாது. குண்டூர் மார்ச் வெயிலில், வத்தல் நெடி காற்றில் நிற்கிற இடத்தில், கார் சீட்டில் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான் என்று நாங்கள் யோசிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. லாரி ஏற்றி முடிந்ததும் மாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டோம். அடுத்த நாள் காலை கடையில் இருக்க வேண்டும், ஒரு பெரிய செக் வருகிறது.

இரவு ஒன்பது மணி சுமாருக்கு நெல்லூரில் சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்ததும் அவர், "அண்ணாச்சி, ஒரு மணி நேரம் படுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தோம். "மெட்ராஸ் தாண்டி ஒரு டீயைப் போட்டுக்கலாம், போயிரலாம்" என்றோம். அந்த வாக்கியம் எங்களுடையது. அண்ணனுடையதல்ல.

திண்டிவனம் தாண்டி, மூன்றரை மணி. நான்கு வழிச்சாலை ஆகாத காலம். ஓரத்தில் விளக்கு இல்லாமல் ஒரு கரும்பு லாரி நின்றது. நாங்கள் பின்சீட்டில் நல்ல தூக்கம். முன்னால் இருந்த அண்ணனும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். பிரேக் பிடித்த சத்தமே கேட்கவில்லை என்று பிறகு போலீஸில் சொன்னோம். பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. கடைசி நேரத்தில் கண் விழித்து ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்திருக்கிறார். அதனால்தான் மூன்று பேரும் பிழைத்தோம். அண்ணனுக்கு இடுப்பு எலும்பு முறிவு. எட்டு மாதம் படுக்கை. டிரைவருக்கு வலது முழங்கால் நசுங்கியது. மூன்று ஆபரேஷன் செய்தும் மடக்க முடியவில்லை. எங்களுக்கு நெற்றியில் ஆறு தையல்.

அண்ணன் பிறகு கடைக்கு வந்தார். கல்லாவில் உட்காருவார். ஆனால் அதற்கு மேல் ஒரு நாளும் சரக்குப் பார்க்க வெளியூர் போகவில்லை. வத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கி, விதை ஆடும் சத்தத்தை வைத்தே ஈரம் சொல்லக் கூடியவர். அந்தக் கை எங்கள் கடைக்கு இல்லாமல் போனதை எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? ஒரு மணி நேரத் தூக்கத்தை மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு இது.

ஆஸ்பத்திரியில் டிரைவர் எங்களைக் குறை சொல்லவில்லை. "முன்சீட்டுலே உள்ளவுக தூங்கினா எனக்கும் தூக்கம் வருது அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

தூக்கத்துக்கு உள்ள சட்டம்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுவதும் விமானப் பயணிகள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விமானிகளின் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பற்றிப் புதிய விதி வந்தது. அதற்கேற்ற ஆள் ஏற்பாட்டை ஒரு பெரிய கம்பெனி முன்கூட்டிச் செய்து வைக்கவில்லை. விதிப்படி ஓய்வு முடியாத விமானியை உட்காரவைத்து ஓட்ட முடியாது. ஆகவே விமானம் நின்றது. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்த வாரம் சென்னையில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, கடைசியில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினான். நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம். பிறகுதான் நெல்லூர் ஞாபகம் வந்தது. விமானிக்குத் தூக்கம் வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதற்காக விமானத்தையே நிறுத்துகிறார்கள். நம் டிரைவருக்கு என்ன இருக்கிறது?

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 2025 வரை இருந்தது. நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் அது போக்குவரத்துத் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கு. மளிகைக் கடை முதலாளியின் சொந்தக் கார் டிரைவர் அதற்குள் வரவில்லை. அவருக்குச் சட்டம் நாம்தான். முதலாளி "போலாமா?" என்று கேட்டால், வேலையை நினைத்து "போலாம் அண்ணாச்சி" என்றுதான் சொல்வார்.

2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகள் 4,61,312, இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்ணிக்கை. அந்த ஆண்டு விபத்துகளில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. மாலை ஆறு முதல் ஒன்பது வரை விபத்து அதிகம் என்று அந்த அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. மண்டியில் சரக்கு ஏற்றி முடித்து நாம் வண்டியை எடுக்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான்.

விமானம் மட்டும் விழாதா என்று கேட்பார்கள். விழும். 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஊஞ்சாவுக்குச் சீரகம் வாங்கப் போகிற நம் வியாபாரிகள் இறங்கும் விமான நிலையம் அது. அந்த வாரம் டிக்கெட்டை ரத்து செய்தவர்களை நாங்கள் அறிவோம். அதே வாரம் இரவோடு இரவாக இன்னொருவர் காரில் ஐதராபாத் போய் வந்தார். அவருக்குப் பயமே தோன்றவில்லை. கார் ஸ்டியரிங் நம் பக்கத்து ஆள் கையில் இருப்பதால் ஒரு தைரியம். அந்த ஆள் தூங்கினாரா என்று கேட்பதில்லை.

விபத்துக்குப் பிறகு எங்கள் கடையில் மூன்று ஏற்பாடு. வெளியூர் போனால் டிரைவருக்குத் தனி அறை, கட்டிலோடு. கணக்குப் புத்தகத்தில் 'டிரைவர் ரூம்' என்று ஒரு தலைப்பே போட்டிருக்கிறோம். இரவு பத்து மணிக்கு எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரில் தங்கல், விடிந்த பிறகு வண்டி எடுப்பது. முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, தூக்கம் வந்தால் பின்னால் போய்விட வேண்டும். மேலே சொன்ன 26,800 ரூபாய், மூன்று இரவு, நான்கு நாள் என்ற கணக்கு இந்த ஏற்பாட்டின்படி போட்டது. டிரைவரைத் தூங்க விடாமல் ஓட்டினால் செலவு குறையும்தான்.

திரும்பும் டிக்கெட்

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் விமானமே மேல் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். விமானத்துக்கு வேறு ஒரு குணம் இருக்கிறது. அதையும் பணம் கொடுத்துத்தான் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அண்ணன் மகன் முதல் தடவை தனியாகக் குண்டூர் போனான். விமானம்தான். போகும்போதே திரும்பும் டிக்கெட்டும் போட்டாயிற்று, சேர்த்துப் போட்டால் சல்லிசு என்று. முதல் நாள் மாலை இறங்கினான். மறுநாள் காலை யார்டு. மாலை ஐந்தரைக்குக் கன்னவரத்தில் விமானம். அப்படியானால் குண்டூரை விட்டு இரண்டரைக்காவது கிளம்ப வேண்டும். கமிஷன் கடைக்காரர் காப்பி கொடுத்து, "எப்போது தம்பி ஊருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவனும் நேரத்தோடு சொல்லிவிட்டான்.

அதோடு பேரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி வரை நல்ல லாட்டு எதுவும் அவன் கண்ணில் படவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு தேஜா லாட்டு வந்தது. மேல் மூட்டை பார்த்தான், பிரமாதம். நிறம், காம்பு, காய்ச்சல் எல்லாம் சரி. பருப்பு என்றால் குத்தூசி போட்டு நடுச் சரக்கை எடுத்துவிடலாம். வத்தலுக்கு அது முடியாது. தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட வேண்டும். நாலு இடத்தில் மூட்டையை இறக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். மூன்று மூட்டை பார்த்துவிட்டு விலையைப் பேசி, எடை போடுவதற்கு முன்பே காரில் ஏறிவிட்டான். பத்து டன் சரக்கு நான்காம் நாள் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் நடு மூட்டைகளில் தாலு காய் கலப்பு. வெளுத்துப் போன காய். ஈரமும் கூட. பேசிப் பேசி ஓரளவு கழிவு வாங்கினோம். மீதி நஷ்டம் எங்களுடையது. டிக்கெட்டை மாற்றியிருந்தால் மூவாயிரமோ நாலாயிரமோ செலவாகியிருக்கும்.

பையனைக் கோபித்துக்கொள்ளவில்லை. காரில் போயிருந்தால் அவனும் இருந்து பார்த்திருப்பான். கார் நம்மை எதிர்பார்த்து வாசலில் நிற்கும். விமானம் நிற்காது. சரக்கு வாங்கப் போகிறவன் கையில் நேரம் போட்ட டிக்கெட் இருந்தால், அது விற்கிறவன் கைக்கு ஒரு பிடி. இப்போது எங்கள் கடையில் விமானத்தில் போகிறவருக்குப் போகிற டிக்கெட் மட்டும்தான். திரும்புவதற்குச் சரக்கு லாரியில் ஏறி, தார்ப்பாய் கட்டிய பிறகு டிக்கெட் போடுவது. விலை கூடத்தான் கூடும். கூடட்டும். கமிஷன் கடையில் யாராவது எப்போது ஊருக்கு என்று கேட்டால், "வேலை முடிஞ்சதும்" என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம்.

எந்தச் சந்தைக்கு எது

நானூறு கிலோமீட்டருக்குள் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, கார்தான். ஏலக்காய்க்குப் போடி, மஞ்சளுக்கு ஈரோடு, ஜவ்வரிசிக்குச் சேலம், கொப்பரைக்குக் காங்கேயம். இவற்றுக்கெல்லாம் காலையில் கிளம்பினால் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று ஊர் பார்த்து, பாக்கியும் வசூல் செய்துகொண்டு வரலாம். விமானம் ஓர் ஊருக்குத்தான் போகும். கார் வழியிலுள்ள கடைகளுக்கெல்லாம் போகும்.

குஜராத், மத்தியப் பிரதேசம் என்றால் அதற்கும் யோசனை வேண்டாம். ஊஞ்சா இங்கிருந்து 2,000 கிலோமீட்டர் வரும். காரில் போய் வருவது என்றால் பாதி வாரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். அகமதாபாத் வரை விமானம், அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சுமாருக்கு வாடகைக் கார்.

சிக்கல் எல்லாம் இடையில் உள்ள ஊர்களுக்குத்தான். குண்டூர் ஒன்று, துவரைக்குக் கலபுரகி இன்னொன்று. நாம் இன்னும் குல்பர்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கலபுரகியில் 2019 நவம்பரில் விமான நிலையம் திறந்தார்கள். சந்தோஷப்பட்டோம். ஆனால் சிறிய ஊர் விமானங்களை நம்பி வியாபாரத் திட்டம் போடுவது கஷ்டம். நம் சேலத்தையே பாருங்கள். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. கலபுரகியிலும் சேவை வருவதும் போவதுமாகவே இருந்திருக்கிறது. ஆகவே நாங்கள் துவரைக்குப் போகும்போது மதுரையிலிருந்து ஐதராபாத் வரை விமானம், அங்கிருந்து உள்ளூர் டிரைவரோடு வாடகைக் கார் என்று வைத்துக்கொண்டோம். வழியில் தாண்டூர் துவரையைப் பார்த்துவிட்டு, சேடம் வழியாகக் கலபுரகி. கலபுரகித் துவரைக்கு 2019லும் தாண்டூர்த் துவரைக்கு 2022லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த வழி வசதி. உள்ளூர் டிரைவருக்கு வழியும் தெரியும், பாஷையும் தெரியும். முதல் நாள் இரவு அவர் தன் வீட்டில் தூங்கி எழுந்து வருகிறார்.

குண்டூருக்கும் ஒரே ஆள் என்றால் இதேபோல்தான். இரண்டு மூன்று பேர் என்றால் கார், நெல்லூரிலோ சென்னையிலோ தங்கல். ஒன்று மட்டும். புறப்படும் முன் யார்டு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு விடுமுறை. கோடையில் மே நடுவிலிருந்து ஒரு மாதம் போல மூடிவிடுவார்கள். அப்போது குளிர்பதனக் கிடங்குச் சரக்குதான்.

ரயில் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். எங்களுக்கும் ரயில்தான் பிடிக்கும். சென்னையில் மாறி, தெனாலியில் இறங்கினால் குண்டூர் பக்கம். படுத்துக்கொண்டே போகலாம், யாருடைய தூக்கமும் கெடாது. முன்பதிவுதான் தொல்லை. 2024 நவம்பரில் 120 நாளை 60 நாளாகக் குறைத்தார்கள். ஆனால் வத்தல் விலை அறுபது நாளைக்கு முன்னால் நம்மிடம் சொல்லிவிட்டா இறங்குகிறது? தட்கலில் கிடைத்தால் யோகம்.

விமானத்தில் சாம்பிள் கொண்டுவருவது பற்றியும் சொல்லிவிடுகிறோம். கையில் 7 கிலோ, செக்-இன் பையில் 15 கிலோ என்பது உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவான அளவு. மிளகாய்த் தூளைக் கைப்பையில் விடமாட்டார்கள். வத்தல் சாம்பிளையும் செக்-இன் பையிலேயே, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பது உத்தமம். வேட்டி சட்டையெல்லாம் நெடியடித்துப் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. கொப்பரையைச் செக்-இன் பையில் வைக்கவே கூடாது. எண்ணெய்ச் சத்துள்ள பண்டம், தீப்பிடிக்கும் என்று தடுத்திருக்கிறார்கள். கொப்பரை வியாபாரிகள் இதை அறியாமல் சாம்பிளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டாம். காரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். ரசீது, வங்கிச் சீட்டு எதுவானாலும் ஆதாரம் வேண்டும்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் அண்ணன் மகனே மறுபடி குண்டூர் போனான். போகும்போது விமானம். இரண்டாம் நாள் மாலை போன் செய்தான். "சித்தப்பா, நல்ல லாட்டு இன்னும் அமையலே, ரெண்டு நாள் கூட ஆகும் போல இருக்கு" என்றான். இரு என்றோம். நான்காம் நாள் நாற்பது மூட்டை இறக்கிப் பார்த்து, எடை போட்டு, ஏற்றி அனுப்பிவிட்டு, தெனாலியில் ரயில் பிடித்தான். சென்னையில் அடுத்த ரயிலுக்கு ஒரு பகல் காத்திருக்க நேர்ந்ததில், சரக்கு லாரி அவனுக்கு முன்னால் விருதுநகர் வந்துவிட்டது. கிடங்கு வாசலில் லாரி வரவு எழுதுகிறவர், அந்த 2004 டிரைவர்தான். மடங்காத காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, லாரி டிரைவரிடம் மூட்டைக் கணக்கைக் கேட்பதற்கு முன்னால், "தூங்கினியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.